‘மற்றவை’யில் போட்ட வீடுகள்

கடைக்கு வந்த அந்த டெப் கணினியைக் கண்டாலே காளியாயிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். மனிதர் யாரும் கேட்காத கேள்வியெல்லாம் அது கேட்கும். வாடிக்கையாளரின் முழுப்பெயர் என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன, நிகழ்வு தொடங்கும் நேரம் என்ன, முடியும் நேரம் என்ன? எல்லாவற்றையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கு விடும். ஒன்றை விட்டாலும் சிவப்பு எழுத்தில் முறைக்கும். ‘ரெண்டாம் நம்பர் லயத்துச் சுப்பையா’ என்றால் பூண்டுலோயா பஜாரில் யாருக்கும் விளங்கும். டெப்புக்கு மட்டும் விளங்காது. சுப்பையாவின் அடையாள அட்டை இலக்கத்துக்கு அவள் எங்கே போவாள்? சுப்பையாவுக்கே அது தெரியாது.

காளியாயிக்கு வயது ஐம்பத்தேழு. பஸ் திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே வாடகைச் சாமான் கடை வைத்திருக்கிறாள். கதிரை, கொட்டகைத் தகரம், படங்கு, அண்டா, பெரிய கேத்தல், வாசல் லைட்டு, ஜெனரேட்டர் என்று கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் எங்காவது பத்துப் பேர் கூடினால் அங்கே காளியாயியின் சாமான் ஏதாவது ஒன்று இருக்கும். எழுத்து வேலைக்கென்று கடையில் இருந்தது ஒரே ஒரு சீ.ஆர். கொப்பி. அதிலும் பாதி அவளுக்கு மட்டும் விளங்குகிற கோடும் புள்ளியும். ஐந்தாம் வகுப்போடு கொழுந்து எடுக்க மலைக்குப் போனவள் அவள். மீதிக் கணக்கெல்லாம் தலைக்குள் இருந்தது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு சாவினால்தான். மகள் நிலக்ஷிக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஆடி மாத மழையில், புருஷன் போய்ச் சேர்ந்தான். லயத்து வாசலில் ஒதுங்க ஒரு கூரை இல்லை, உட்கார ஒரு பலகை இல்லை. வந்த சனம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்கு நாகலெட்சுமிதான் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு ஓடி, ஆயாவோடு சண்டை பிடித்து, அங்கிருந்த வாங்குப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து மழையோடு மழையாகக் கொண்டுவந்து போட்டாள். நாகலெட்சுமியும் காளியாயியும் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். கூடப் பிறந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் அருகருகே நின்றிருக்க மாட்டார்கள். நம் ஆட்கள் இனிமேல் சாவு வீட்டில் நனையக் கூடாது என்று காளியாயியின் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான். பல வருஷம் கழித்துத் தோட்டத்து வேலையை விட்டுப் பெயர் வெட்டிக்கொண்டு வந்து, நாற்பது கதிரையோடு கடையைத் திறந்தாள்.

நாற்பது கதிரை நானூறு ஆனபோது தலை தடுமாறத் தொடங்கியது. போன தை மாதம் ஒரே நாளில் இரண்டு கல்யாண வீடுகளுக்கு அதே முந்நூறு கதிரைகளை வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு வீட்டு மாப்பிள்ளையின் மாமன் கடை வாசலில் நின்று கத்திய கத்தலில் பஜாரே வேடிக்கை பார்த்தது. ஹட்டனில் டீச்சராக இருக்கும் நிலக்ஷிக்கு அவமானம் தாங்கவில்லை.

"ஒன் தலை இனிமே தாங்காதும்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்காரு. நம்ம கடைக்குன்னே தனியா சொப்ட்வெயார் செஞ்சி தருவாரு."

அப்படி வந்தவன்தான் லோஜன். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு கம்பியூட்டரோடு ஆபீஸ் போட்டிருந்தான். அவனும் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவன்தான். நல்ல பிள்ளை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

அவன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. காளியாயி கடையைக் கூட்டித் தெளித்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு வைத்திருந்தாள். புது வேலை தொடங்குகிற நாள் அல்லவா? லோஜன் மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான்.

"என்னென்ன விசேஷத்துக்குச் சாமான் போகுதுன்னு ஒன்னொன்னா சொல்லுங்கம்மா. நான் பட்டியல் போட்டுக்கிறேன்."

"கல்யாணம் போடு. புள்ளைங்க பெரிய மனுஷியாவுற சடங்கு போடு. பொறந்தநாளு, கோயில் திருவிழா, சங்கத்துக் கூட்டம்..."

அங்கே நிறுத்திவிட்டாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் கடையில் பாதி ஓட்டம் அதில்தான். ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, அந்தச் சொல்லை எப்படி வாயால் சொல்வது? எந்த மனிதன் சொல்வான்?

லோஜனும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமலா? லயத்தில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். புதுக் காரியம் தொடங்குகிற இடத்தில் தன் வாயிலிருந்து அது விழ வேண்டாம் என்றுதான் அவனும் நினைத்தான்.

"மத்ததெல்லாமும் இருக்குமேம்மா?"

"ஆமா தம்பி. மத்ததும் இருக்கு."

அவன் ‘மற்றவை’ என்று ஒரு பெட்டி போட்டான். அவ்வளவுதான் பேச்சு. அவள் சொன்னது அவனுக்கு விளங்கியது, அவன் விளங்கிக்கொண்டது அவளுக்கும் தெரிந்தது. விளங்காமல் போனது அந்த இயந்திரத்துக்கு மட்டும்தான். அதைப் பற்றி அன்றைக்கு இருவரும் யோசிக்கவில்லை.

மூன்று மாதம் இழுத்தடித்து டெப் வந்து சேர்ந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடு என்றால், வட்டத்தைக் கேக் மாதிரி வெட்டிக் கலர் கலராகப் படம் காட்டினான். கொட்டகைத் தகரத்தை நீளத் தகரம், கட்டைத் தகரம் என்று பிரித்துக் காட்டு என்றால், "அத அடுத்த கட்டத்துல செஞ்சிரலாம்மா" என்றான். எதைக் கேட்டாலும் அடுத்த கட்டம். கேட்காதது மட்டும் இந்தக் கட்டத்திலேயே வந்தது. அப்படி வந்ததுதான் மெசேஜ்.

"சாமான் திரும்பி வந்ததும் இந்தப் பச்சைய அமுக்குனீங்கன்னா போதும்மா. அவங்க போனுக்குத் தானா ஒரு மெசேஜ் போயிரும். என்னா எழுதலாம், சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், அந்த டெப்பில் காளியாயிக்குப் பிடித்தது அது ஒன்றுதான். முந்தின நாள்தான் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு காளியாயி வாய் நிறைய ஒரு வாக்கியம் சொன்னாள். லோஜன் ஒரு எழுத்து மாற்றாமல் அடித்து, கீழே அவள் பெயரையும் போட்டான். தன் பெயர் இப்படி ஊரெல்லாம் போகப்போகிறது என்று அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாண வீடுகளில் தடுமாற்றம் நின்றது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆவணி தாண்டியதும் வேறொன்று தொடங்கியது. மேற்கணக்கு என்று சொல்லும் மேல் டிவிஷனில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்தது. இரண்டுக்கும் காளியாயிக்குச் சொல்லி அனுப்பவில்லை. தலவாக்கலையிலிருந்து யாரோ ஒருவனுடைய சாமான் அவள் கடை வாசலைத் தாண்டி மேலே போனது. சாமான் பழசாகிவிட்டதோ என்று அவள் கொட்டகைத் தகரத்துக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்தாள். சாமான் ஏற்றும் பட்டா என்ற சின்ன லொறியை ஓட்டுகிற தனுஷனைப் பிடித்துக் காய்ச்சினாள்.

"எங்கயாச்சும் போயி வாய் காட்டுனியாடா?"

"சத்தியமா இல்லங்கம்மா. மேல போனா யாரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. எனக்கும் ஏன்னு வெளங்கல."

நம் சனத்தின் குணம் அது. சண்டைக்கு வர மாட்டார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். பேசாமல் ரோட்டின் அந்தப் பக்கம் நடந்து போய்விடுவார்கள். காளியாயி லோஜனுக்குப் போன் எடுத்தாள். "ஓடர் கூடித்தாம்மா இருக்கு, கிராப் மேல போகுதே," என்றான் அவன். "கிராப்பத் தூக்கி அடுப்புல போடு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஐப்பசியில் மாயாண்டி இறந்தான். நாகலெட்சுமியின் புருஷன். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனவன் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

சேதி வந்ததும் காளியாயி டெப்பை எடுத்தாள். ‘இருப்பில் இல்லை’ என்றது. அந்தத் திகதிக்குக் கொட்டகையும் முந்நூற்றைம்பது கதிரையும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போட்டிருந்ததாம். இந்த மலையில் சாவு விழுந்தால் கல்யாண வீடு தானாக விட்டுக்கொடுக்கும். அது சட்டமும் இல்லை, யாரும் எழுதி வைக்கவும் இல்லை. கல்யாணக்காரருக்குப் போன் போட்டதும், "இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா, அனுப்பிவிடுங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்தார். டெப்தான் முடிக்கவில்லை. கல்யாணத்தின் கதிரையைக் குறைத்து, கொட்டகையை அழித்து, நாகலெட்சுமியின் நம்பரைப் போட்டு, ‘மற்றவை’யை அமுக்கி வந்தால், நிகழ்வு முடியும் நேரம் என்ன என்று கேட்டது. மாயாண்டியின் சாவுக்கு முடியும் நேரம் என்ன எழுதுவது? வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏதோ ஒரு இலக்கத்தை அடித்தாள்.

அடக்கம் முடியும்வரை இரண்டு நாளும் நாகலெட்சுமியின் பக்கத்திலேயே இருந்தாள். புறப்படும்போது சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தாள். மூன்றாம் நாள் தனுஷன் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தான். கதிரைகளைக் கழுவிக் கவிழ்த்து, எண்ணிச் சரிபார்த்து, பச்சையை அமுக்கிவிட்டு, அடுப்பில் பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்தாள். அவளுக்கு அது கதவைப் பூட்டுவது மாதிரி ஒரு வேலை.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சாமான் கேட்டு ஆள் வரவில்லை. சின்னதாகச் செய்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கீழ்க்கணக்குக்கு நடந்தாள். லயத்து வாசலில் கொட்டகை போட்டிருந்தது. அவளுடைய கதிரைகள் வெள்ளை. அங்கே இருந்தவை நீலம். முதுகில் தலவாக்கலைக் கடைக்காரனின் பெயர் பெயின்டில் எழுதியிருந்தது.

காளியாயி அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தாள். வந்திருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தார்கள். பின்பக்கம் தண்ணீர்ப் பீலியடியில் நாகலெட்சுமி கேத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். காளியாயி அங்கே போய் நின்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"என் கதிரை ஒனக்கு என்னாடி செஞ்சிச்சி? தலவாக்கலைக்குப் போயிருக்கீங்க?"

நாகலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"படி."

காளியாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘உங்க வீட்டு விசேஷம் நல்லபடியா முடிஞ்சதுல எனக்கு ரொம்பச் சந்தோஷம். இதே மாதிரி அடுத்தடுத்து விசேஷம் நடக்கணும். அப்பவும் மறக்காம நம்ம கடையத்தான் கூப்பிடணும். அன்புடன் காளியாயி.’

பீலித் தண்ணீர் தன் பாட்டுக்குக் கேத்தலில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் தோன்றியது, இது நான் சொன்ன வாக்கியந்தான் என்பது. இரண்டாவதாகத்தான் அது எந்த வீட்டுக்கு வந்திருக்கிறது என்பது உறைத்தது.

"நான் அனுப்பலடி. அது மெசினு. தானா அனுப்பிருச்சி."

"மெசினுக்கு என் நம்பரு எப்புடித் தெரியும்? நீ சொல்லித்தானே? கீழ ஒன் பேருதானே இருக்கு?"

"பேரு என்னுதுதான். ஆனா..."

"அவரக் குழியில வச்சி மறுநாளு வந்திச்சி. எங்க மூத்தவன் அத வாசிச்சிட்டு, அடுத்தது யாரு சாகணுமாம்னு கேட்டான். நான் என்னா சொல்றது? அவளுக்குத் தெரியாதுடான்னேன். ஒன் பேரப் போட்டு வந்திருக்கு, ஒனக்குத் தெரியாதுன்னு சொல்றேன். எனக்கே நம்பிக்கையில்ல."

நாகலெட்சுமி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் காளியாயிக்கும் பதில் சத்தம் போட வசதியாக இருந்திருக்கும். வாழைப்பழச் சீப்பைப் பீலிக் கல்லில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனாள். பேக்கரி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி, லோஜனின் மேசையில் டெப்பைத் தொப்பென்று வைத்து நடந்ததைச் சொன்னாள். லோஜன் அதைக் கையில் எடுத்தான். ஏதேதோ அமுக்கி ‘மற்றவை’யைத் திறந்தான். இருபத்துமூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சைக் குறி.

இருபத்துமூன்று சாவு வீடுகள். மேற்கணக்குக்காரர்கள் ஏன் முகம் கொடுக்கவில்லை என்பது இப்போது விளங்கியது. பட்டியலின் நடுவில் ஒரு பெயரில் அவள் கண் நின்றது. பத்தொன்பது வயது மகளைப் பறிகொடுத்த வீடு அது. அந்தத் தாய்க்கும் போயிருக்கிறது. அடுத்தடுத்து நடக்கணுமாம்.

"அனுப்புனதத் திருப்பி எடுக்க ஏலுமா?"

"போனது போனதுதாம்மா. இனிப் போகாம நிப்பாட்டிரலாம். ரெண்டு நிமிஷ வேல."

"ரெண்டு நிமிஷ வேலையா?"

"ஆமாம்மா. அப்புறம்... ஒரு மன்னிப்பு மெசேஜ் எழுதி, இருபத்துமூணு பேருக்கும் ஒரே அமுக்குல அனுப்பிரலாம்."

காளியாயிக்கு வந்ததே ஆத்திரம். கீழே பேக்கரியில் பாண் வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ அந்த வீடுகள்ல போன் கத்தக் கூடாது! ஒரே அமுக்காம், ஒரே அமுக்கு! அமுக்கி அமுக்கித்தானே இந்த நெலமைக்கு வந்து நிக்கிறேன்! நீயும் லயத்துப் புள்ளதானே, ஒனக்கு ஒறைக்கலியா?"

"நீங்க சாவுன்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

"நீ கேக்கலியேடா!"

சொல்லாததும் உண்மை, கேட்காததும் உண்மை. வீடு வீடாகத் தானே போய் அழிக்கப்போவதாகக் காளியாயி சொன்னாள். லோஜன் தலையைக் குனிந்துகொண்டு பட்டியலைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தான். மெசேஜை அழிப்பது எப்படி என்று அவளுடைய போனிலேயே மூன்று தடவை காட்டிக்கொடுத்தான். அவள் மூன்று தடவையும் செய்து காட்டினாள்.

அடுத்த நாள் காலை முதல் வீடாக நாகலெட்சுமியிடம்தான் போனாள். வாசலில் நீலக் கதிரைகள் போய்விட்டிருந்தன. நாகலெட்சுமி படியில் உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காளியாயி நின்றபடியே ஹட்டனில் நடந்ததை முழுதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை விளக்கையும் சொன்னாள், ‘மற்றவை’யையும் சொன்னாள், வாக்கியம் தன்னுடையதுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"போனக் குடு. அழிச்சிர்றேன்."

நாகலெட்சுமி கொடுத்தாள். அது வேறு சாதிப் போன். லோஜன் காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. காளியாயி தடவினாள், அமுக்கினாள், ஒரு தடவை டோர்ச் லைட் எரிந்தது. கடைசியில் விரலை அழுத்திப் பிடித்தபோது ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கீழே இரண்டு சொற்கள். ஒன்றை அமுக்கினால் போய்விடும், மற்றதை அமுக்கினால் நிற்கும். எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாகலெட்சுமியும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைக் காட்ட இருவருக்கும் மனம் வரவில்லை.

இடது பக்கத்தை அமுக்கினாள். கட்டம் மறைந்தது. மெசேஜ் அப்படியே நின்றது. மறுபடியும் விரலை அழுத்திப் பிடித்து, வலது பக்கத்தை அமுக்கினாள். போய்விட்டது.

"போயிருச்சி," என்றாள் காளியாயி. வேர்த்திருந்தது.

நாகலெட்சுமி போனை வாங்கி வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கு மனப்பாடமாயிருச்சேடி. அத என்னா செய்வ?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். நாகலெட்சுமி படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். காளியாயி உட்கார்ந்தாள். வெயில் படியில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு காளியாயி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, மேற்கணக்குக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறத் தொடங்கினாள். இன்னும் இருபத்திரண்டு வீடுகள் இருந்தன.